காரைக்குடியில் தங்கி மூன்று நாள்: சிவகங்கைச் சீமையின் துயரத் தடங்களைக் குறைந்த செலவில் பார்க்க

காரைக்குடியை நடுவில் வைத்து 45 கிலோமீட்டர் சுற்றினால், 1772இல் ஒரு மன்னர் வெட்டுண்டு விழுந்த ஊர், 1801இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட ஊர், 1942இல் துப்பாக்கிச் சூடு நடந்த ஊர் மூன்றும் வந்துவிடும். போதாததற்கு, பர்மாப் பணத்தில் எழும்பி, பர்மா கைவிட்டுப் போனதோடு பூட்டப்பட்ட வீடுகள் ஊருக்கு ஊர் நிற்கின்றன. எல்லா இடத்துக்கும் அரசுப் பேருந்து போகிறது. ஆனாலும் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடி, ஒரு வாழை இலைச் சாப்பாடு என்று ஒரே நாளில் திரும்பிவிடுகிறார்கள். சீமையின் வரலாற்றைப் பார்க்கத்தான் வருகிறேன் என்பவர்களுக்கு மூன்று பகல், இரண்டு இரவு வேண்டும். இருவர் சேர்ந்து வந்தால், சென்னையிலிருந்து போக வர ஆளுக்கு 3,500 ரூபாய்க்குள் முடிக்கலாம்.

இந்தத் திட்டத்தைக் கெடுப்பவை இரண்டு: நடைசாத்தும் நேரம், வெயில். கோயில்கள் பகல் 12 மணிக்குச் சாத்தினால் 4 மணிக்குத்தான் திறக்கும். திருமயம் கோட்டைப் பாறை 11 மணிக்கே கால் வைக்க முடியாதபடி சுட ஆரம்பித்துவிடும். அதனால் காலையில் எதைப் பார்ப்பது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, மற்றதை அதைச் சுற்றி அடுக்குங்கள். இன்னொன்று: ஒரு நாளைக்கு இரண்டு துயர இடங்களுக்கு மேல் வேண்டாம். மூன்றாவது இடத்துக்குப் போகும்போது மனம் எதையும் வாங்கிக்கொள்ளாது, படம் மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

எப்போது வரலாம்

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பேருந்துப் பயணத்தைக் கெடுக்கும். பங்குனி முதல் ஆனி வரை வெயில்.

அக்டோபர் கடைசி வாரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட நாள் 1801 அக்டோபர் 24. ஆண்டுதோறும் அன்று திருப்பத்தூரில் அரசு சார்பில் மரியாதை நடக்கும், 27ஆம் தேதி காளையார்கோவிலில் குருபூஜை. 30ஆம் தேதி பக்கத்து மாவட்டத்தில் பசும்பொன் தேவர் குருபூஜையும் வரும். இந்த நாள்களில் தடையுத்தரவு, வாடகை வண்டிகளுக்குக் கட்டுப்பாடு, பேருந்து வழி மாற்றம் எல்லாம் உண்டு. ஊர் மக்கள் எப்படி நினைவுகூர்கிறார்கள் என்பதைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் 24ஆம் தேதி திருப்பத்தூர் போதும். அமைதியாகப் பார்க்க வேண்டுமென்றால் 22 முதல் 31 வரை வராதீர்கள்.

கிழமையில் வியாழன், வெள்ளி, சனி நல்ல அடுக்கு. கொல்லங்குடி காளி கோயிலில் செவ்வாய், வெள்ளி கூட்டம் அதிகம். சங்கடஹர சதுர்த்தி அன்று பிள்ளையார்பட்டி வழியாகப் போகும் எந்தப் பேருந்திலும் நிற்க இடம் கிடைக்காது, அதே சாலைதான் திருப்பத்தூருக்கும். நாள் குறிக்கும் முன் காலண்டரில் இந்த ஒன்றை மட்டும் பார்த்துவிடுங்கள்.

வந்து சேர்வதும் தங்குவதும்

சென்னை எழும்பூரிலிருந்து ராமேசுவரம் போகும் இரவு ரயில்கள் காரைக்குடி வழியாகப் போகின்றன. படுக்கை வகுப்பில் ஒரு வழிக்கு ஏறக்குறைய 300 ரூபாய். பகல் ரயில் வேண்டுமானால் பல்லவன், ஆனால் அது இரவில்தான் காரைக்குடி சேரும், ஒரு நாள் வாடகை வீண். மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வருகிறவர்களுக்குப் பேருந்தே போதும், இரண்டுமே இரண்டு, இரண்டரை மணி நேரப் பயணம்.

முன்பதிவில் அடிக்கடி நடக்கும் ஒரு குழப்பத்தைச் சொல்லிவிடுகிறோம். செயலியில் 'திருப்பத்தூர்' என்று தேடினால் முதலில் வருவது வேலூர்ப் பக்கத்து மாவட்டத் தலைநகர், அங்கே ரயில் நிலையம் உண்டு. நமக்கு வேண்டிய சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரில் ரயில் நிலையமே கிடையாது. அதேபோல் சின்ன மருதுவின் ஊர் கல்லல் பக்கத்துச் சிறுவயல். மஞ்சுவிரட்டுக்குப் பேர் போன சிராவயல் வேறு, அது பிள்ளையார்பட்டியைத் தாண்டி இருக்கிறது. வரைபடத்தில் பெயரைத் தட்டிவிட்டு அப்படியே ஆட்டோ பிடித்தால் வேறு திசைக்குப் போய்விடுவீர்கள்.

காரைக்குடியில் பேருந்து நிலையத்தை ஒட்டிய லாட்ஜுகளில் இருவர் அறை 700 முதல் 900 ரூபாய்க்குக் கிடைக்கும். அறை எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா என்பது. இங்கே பல லாட்ஜுகள் 24 மணி நேரக் கணக்குதான். விடியற்காலை 3 மணிக்கு ரயிலில் இறங்கி அப்படியே போய் அறை எடுத்தால், கடைசி நாள் 3 மணிக்கு உங்களை எழுப்பிவிடுவார்கள், இல்லையென்றால் இன்னொரு நாள் வாடகை. ரயில் நிலையக் காத்திருப்பு அறையில் 6 மணி வரை இருந்துவிட்டுப் போய்ப் பதிவு செய்யுங்கள். மூன்றாம் நாள் காலை 6 மணிக்கு அறையைக் காலி செய்து பையை வரவேற்பில் கொடுத்துவிட்டு ஊர் சுற்றலாம். மாலையில் வந்து வாங்கிக்கொண்டால் சரி, யாரும் மறுப்பதில்லை.

கானாடுகாத்தானில் பழைய வீடுகளை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். அழகுதான், ஆனால் ஒரு இரவு வாடகை நம்முடைய முழுப் பயணச் செலவைத் தாண்டும். அந்த வீடுகளைப் பகலில் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் நாள்: காளையார்கோவில், சிவகங்கை

இந்த நாள்தான் பயணத்தின் கனம், அதனால் முதலில் வைக்கிறோம். காலை 6.30க்குள் பேருந்து நிலையத்தில் இருங்கள். கல்லல் வழியாகக் காளையார்கோவில் போகும் பேருந்து வேண்டும். சிவகங்கை என்று பலகை போட்ட எல்லாப் பேருந்தும் காளையார்கோவில் வழியாகப் போகாது, ஏறும் முன் நடத்துனரிடம் "காளையார்கோவில் நிக்குமாண்ணே?" என்று கேட்டுவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும்.

வழியில் சன்னலோரம் உட்கார்ந்து வெளியே பாருங்கள். இன்று வெட்டவெளியும் சீமைக் கருவேலமுமாகக் கிடக்கும் இந்த நிலம் 1801இல் பேருந்தின் உயரத்துக்கு மேல் மரமும் முள்ளும் அடர்ந்த காடு. கர்னல் அக்னியூ தலைமையில் வந்த கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) படை சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட முயன்றது. ஒரு மாதம் வெட்டியும் முடியாமல் பின்வாங்கியது. பிறகு வேறு வழிகளில் சூழ்ந்துதான் 1801 அக்டோபர் 1 அன்று காளையார்கோவிலைப் பிடித்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு அந்தச் சாலையில் போனால் 30 கிலோமீட்டர் தூரம் எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

காளையார்கோவில் ஒரு தடவை மட்டும் போர் கண்ட ஊர் இல்லை. சங்க காலத்தில் இதன் பெயர் கானப்பேர். குறுநில மன்னன் வேங்கை மார்பனின் இந்தக் கோட்டையை வென்றதால்தான் பாண்டியன் உக்கிரப்பெருவழுதிக்குக் 'கானப்பேரெயில் கடந்த' என்ற அடைமொழி. 1772 ஜூன் 25 அன்று ஆற்காட்டு நவாபுக்காக வந்த கும்பினிப் படை, ஜோசப் ஸ்மித் ஒரு பக்கமும் பாஞ்சோர் மறு பக்கமுமாக, இதே ஊரில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதத் தேவரைக் கொன்றது. இளைய ராணி கௌரி நாச்சியாரும் அன்று இறந்தார். மூத்த ராணி வேலு நாச்சியார் மகளோடு திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சிக்குத் தப்பிப் போனார். சிவகங்கைக்கு நவாபு ஹுசைன் நகர் என்று பெயர் மாற்றினார். எட்டு ஆண்டு கழித்து, 1780இல், ஐதர் அலியின் உதவியோடு ராணி சீமையை மீட்டார்.

கோயிலுக்குள் முதலில் போய்விடுங்கள், 10 மணிக்கு மேல் கூட்டம் சேரும். சோமேசுவரர், சொர்ண காளீசுவரர், சுந்தரேசுவரர் என்று மூன்று சன்னதி. இரண்டு ராஜகோபுரத்தில் பெரியது மருதிருவர் கட்டியது. அதற்கான செங்கல்லை மானாமதுரையிலிருந்து ஆட்களை வரிசையாக நிறுத்திக் கைமாற்றிக் கொண்டுவந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். சரணடையாவிட்டால் இந்தக் கோபுரத்தை இடிப்போம் என்று கும்பினி மிரட்டியதால்தான் மருதிருவர் அகப்பட்டார்கள் என்ற செய்தியும் வாய்மொழியாக உண்டு. வாய்மொழிச் செய்தி என்று தெரிந்தே கேளுங்கள், ஆனால் கேளுங்கள். கோபுரத்தடியில் பூ விற்பவர்கள் அதைச் சொல்லும் விதம் எந்தக் கல்வெட்டிலும் கிடைக்காது.

வெளியே வந்தால் கோயிலுக்கு எதிரே மருதிருவர் சமாதி. தூக்கிலிட்ட பின் தலைகளை இங்கே அடக்கம் செய்தார்கள், உடல்கள் திருப்பத்தூரில். கோயிலைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம் என்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். இது வழிபாட்டு இடம், விளக்கேற்றக் குடும்பத்தோடு வருகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் முடிக்கும்வரை கைபேசியை எடுக்க வேண்டாம். சமாதிக்கு முதுகு காட்டி நின்று செல்ஃபி எடுப்பதை யாரும் தடுக்க மாட்டார்கள், ஆனால் அங்கே இருப்பவர்களுக்கு அது வலிக்கும்.

இதோடு சேர்த்து ஒன்று. மருதிருவரையும் வேலு நாச்சியாரையும் சாதிப் பெருமையாகப் பேசுகிறவர்களும் இங்கே உண்டு, அதில் மனத்தாங்கல் உள்ளவர்களும் உண்டு. டீக்கடையில் அந்தப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். "அந்தச் சண்டை எங்கே நடந்ததுங்க, ஐயா?" என்று இடத்தைக் கேட்டால் போதும், பெரியவர்கள் தாங்களாகவே விரித்துச் சொல்வார்கள்.

காளையார்கோவிலிலிருந்து சிவகங்கை 18 கிலோமீட்டர். நடுவில் கொல்லங்குடியில் இறங்கி, அரியாக்குறிச்சி வெட்டுடையார் காளியம்மன் கோயிலுக்குப் போகலாம். ராணி போன வழியைச் சொல்ல மறுத்ததால் நவாபின் ஆட்கள் வெட்டிக் கொன்ற உடையாள் என்ற பெண்ணின் நினைவோடு இந்த இடத்தைச் சேர்த்துச் சொல்கிறார்கள். ராணி திரும்பி வந்ததும் தன் வைரத் தாலியை உடையாளுக்குக் காணிக்கையாக வைத்தார் என்பது வழக்கு. அநியாயம் இழைக்கப்பட்டவர்கள் இங்கே வந்து காசு வெட்டிப் போடுவார்கள். கல்லின் மேல் நாணயத்தை வைத்து உளியால் இரண்டாக்கும் அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் பேச்சு நின்றுவிடும். தன் வழக்கை வேறு எங்கும் சொல்ல முடியாதவர்கள் செய்யும் காரியம் அது, படம் எடுக்கக் கூடாது. நடை சாத்தும் முன், 11.30க்குள் இங்கே இருக்க வேண்டும்.

சிவகங்கையில் மதியச் சாப்பாடு. 2 மணிக்கு மேல் சூரக்குளத்தில் உள்ள வீரமங்கை வேலு நாச்சியார் நினைவு மண்டபம். 2014இல் திறந்தது, குயிலிக்கும் இங்கே நினைவுத்தூண் இருக்கிறது. விசயதசமி நாளில் தன் உடலில் தீ வைத்துக்கொண்டு கும்பினியின் ஆயுதக் கிடங்கில் பாய்ந்தவர் என்று குயிலியைப் பற்றிச் சொல்லப்படுகிறது. மண்டபம் புதிது, பழைய பொருள்கள் நிறைய இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அரை மணி நேரம் போதும். பேருந்து நிலையத்திலிருந்து போக வர ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள், மண்டபத்தில் நின்று திரும்பும் ஆட்டோவைத் தேடினால் கிடைப்பது கஷ்டம். அரண்மனையின் முகப்பை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, இருட்டும் முன் காரைக்குடிப் பேருந்தைப் பிடியுங்கள்.

பக்கத்திலேயே நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதி இருக்கிறது. ஆசையாக இருக்கும். முதல் நாளில் சேர்க்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கம்பருக்காக வருகிறவர்கள் அதற்கென்று ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி வர வேண்டிய இடம் அது.

இரண்டாம் நாள்: திருப்பத்தூர், தேவகோட்டை

இன்று நிதானமாக எழுந்திருக்கலாம். காலை 8 மணிக்குக் கிளம்பினால் 9 மணிக்குத் திருப்பத்தூர். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாக 22 கிலோமீட்டர் அளவில், பேருந்து அடிக்கடி உண்டு.

இங்கே இருந்த கோட்டையில்தான் 1801 அக்டோபர் 24 அன்று பெரிய மருதுவையும் சின்ன மருதுவையும் தூக்கிலிட்டார்கள். உறவினர்களும் தோழர்களும் உடன் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூன் 16 அன்று திருச்சியில் சாதி, மதம் பாராமல் எல்லாரும் சேர்ந்து எழ வேண்டும் என்று சுவரில் ஒட்டிய அறிக்கை சின்ன மருதுவின் பெயரில் வந்தது. நாலு மாதத்தில் முடித்துவிட்டார்கள். தப்பியவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியையும், சிவகங்கை அரசராயிருந்த வேங்கன் பெரிய உடையணத் தேவரையும் சேர்த்து 70 பேருக்கு மேல் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினி அதிகாரி சில ஆண்டுகளுக்கு முன் சின்ன மருதுவிடம் வளரி (வளைந்த எறி ஆயுதம்) வீசக் கற்றுக்கொண்டவர். தொடை முறிந்து பிடிபட்டிருந்த அவரை மறுபடி பார்த்ததை வெல்ஷ் வருத்தத்தோடு எழுதி வைத்திருக்கிறார். நினைவிடத்துக்குப் போகும் முன் இந்தச் செய்திகளைப் படித்துக்கொண்டு போவது மிக முக்கியம். கோட்டை இன்று இல்லை, நினைவு மண்டபமும் தூணும்தான். முன்பே தெரியாமல் போனால் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள்.

வழி கேட்க சுவீடிஷ் மிஷன் மருத்துவமனையை அடையாளமாகச் சொல்லுங்கள். பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். மருத்துவமனைப் பக்கம் போகும்போது நோயாளிகள் இருக்கும் இடம் என்பது நினைவில் இருக்கட்டும், கூட்டமாகப் பேசிக்கொண்டு போகாதீர்கள். கையில் நேரமிருந்தால் திருத்தளிநாதர் கோயிலில் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள்.

மதியம் காரைக்குடி திரும்பிச் சாப்பிட்டுவிட்டு, 3 மணிக்குத் தேவகோட்டைப் பேருந்து. 18 கிலோமீட்டர். 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தின்போது இங்கே நீதிமன்றத்துக்குத் தீ வைக்கப்பட்டது, போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையைக் கைது செய்து திருவாடானைச் சிறையில் அடைத்தபோது, மக்கள் திரண்டு போய்ச் சிறையையே உடைத்து அவரை வெளியே கொண்டுவந்தார்கள். தியாகிகள் பூங்கா என்று கேட்டால் காட்டுவார்கள். ஊர்க்காரர்கள் மாலையில் காற்று வாங்க வந்து உட்காரும் இடம் அது. அங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், எந்தத் தெருவில் கூட்டம் திரண்டது, எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று தங்கள் வீட்டில் கேட்டதைச் சொல்வார்கள். திருவாடானைக்கும் போக நினைத்தால் போய் வர இரவாகிவிடும், நாளை காலை சீக்கிரம் எழ வேண்டியிருக்கிறது.

மூன்றாம் நாள்: திருமயம், பூட்டிய வீடுகள்

அறையைக் காலி செய்துவிட்டு 7.30க்குப் புதுக்கோட்டைப் பேருந்தில் ஏறினால் 8.30க்குள் திருமயம். கோட்டை 9 மணிக்குத் திறக்கும். தொல்லியல் துறை நுழைவுச்சீட்டு 25 ரூபாய் அளவில், வாசலில் இணைய வழியில் கட்டச் சொல்வார்கள் என்பதால் கைபேசியில் சார்ஜ் இருக்கட்டும். அது வரைக்கும் அடிவாரத்தில் இருக்கும் பெருமாள் கோயிலையும் சிவன் கோயிலையும் பார்த்துவிடலாம், இரண்டும் ஒரே பாறையைக் குடைந்தவை.

1687இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டிய கோட்டை இது. ஏழு சுற்று மதில் இருந்ததில் நாலுதான் மிச்சம். ஊரில் ஊமையன் கோட்டை என்பார்கள், கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை இங்கே இருந்தார் என்ற நினைவில். கட்டபொம்மன் 1799இல் பிடிபட்டதும் இந்தப் புதுக்கோட்டைச் சீமையில்தான், திருக்களம்பூர்க் காட்டில். பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டை மன்னர் தொண்டைமான். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி கட்டிப் போரிட்டார்; மே மாதம் அது விழுந்ததும் சிறுவயலுக்கு வந்து மருதிருவரிடம் அடைக்கலம் புகுந்தார். அவருக்கு இடம் கொடுத்ததே அந்தப் போரின் காரணங்களில் ஒன்று. முதல் நாள் பார்த்ததெல்லாம் இங்கே வந்து சேர்ந்துவிடும்.

மேலே பீரங்கி இருக்கிறது. பாதி உயரத்தில் பாறைக் குடைவுக்குள் ஒரு லிங்கம், இரும்பு ஏணியில் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏணியை விட்டுவிடுங்கள். பாறை வழுக்காத செருப்பு, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10.30க்குள் கீழே. இவை மூன்றும் தவறினால் அன்றைய மதியம் தலைவலியோடு போகும்.

அங்கிருந்து காரைக்குடிப் பேருந்தில் ஏறிக் கானாடுகாத்தான் விலக்கில் இறங்குங்கள். ரயிலில் செட்டிநாடு நிலையத்தில் இறங்கினாலும் ஊருக்குள் நடக்க வேண்டியிருக்கும். இங்கேதான் ஒரு செலவு செய்யச் சொல்கிறோம். கானாடுகாத்தானில் ஆட்டோ பேசி, ஊருக்குள் இரண்டு வீடு, பிறகு ஆத்தங்குடி, கடைசியில் காரைக்குடியில் இறக்கிவிட 1,000 ரூபாய் அளவில் முடியும். பேருந்தில் போனால் 60 ரூபாய், ஆனால் காத்திருப்பிலேயே மாலை போய்விடும்.

கானாடுகாத்தான் அரண்மனைக்குள் பொதுமக்களை விடுவதில்லை, வெளியே நின்று பார்க்கலாம். வேறு சில வீடுகளில் ஆளுக்கு 50 முதல் 100 ரூபாய் வாங்கிக்கொண்டு முகப்பு, வளவு (நடு முற்றம்) வரை காட்டுகிறார்கள். ஆத்தங்குடிப் பெரிய வீட்டுக்கும் சீட்டு உண்டு. காரைக்குடி ஆயிரம் சன்னல் வீட்டை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். வீட்டுக்காரர்கள் விசேஷத்துக்கு வந்திருந்தால் அன்று காட்ட மாட்டார்கள், வாக்குவாதம் வேண்டாம், அது அவர்கள் வீடு. பெரியவர்கள் இருந்தால் "ஆச்சி, உள்ளே பாக்கலாமா?" என்று கேட்டு நில்லுங்கள். காவலுக்கு இருப்பவருக்குக் கொடுக்கப் பத்து, இருபது ரூபாய்த் தாள் சில்லறையாக இருக்கட்டும்.

இந்த வீடுகளை ஏன் துயரத் தடத்தில் சேர்த்தோம்? 1930 வாக்கில் பர்மாவில் நகரத்தாரின் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின்) வட்டிக் கடைகள் 1,650 அளவில் இருந்தன. உலகப் பொருளாதாரச் சரிவில் நெல் விலை விழுந்தது, கடன் வாங்கிய பர்மிய உழவர்களால் திருப்ப முடியவில்லை, நிலம் கடைக்காரர் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் வசமிருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு, 1938இல் 25. நிலமிழந்த உழவர் மனத்தில் மூண்ட கோபத்தையும் சேர்த்து நினைத்தால்தான் கதை முழுமையாகும். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் ரங்கூனில் குண்டு போட்டது, 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. இந்தியர்கள் லட்சக்கணக்கில் மலையும் காடும் கடந்து நடந்தே திரும்பினார்கள், வழியில் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். கப்பலில் இடம் கிடைத்தது வசதியுள்ளவர்களுக்கு. நடந்தவர்களில் பெரும்பாலோர் கூலிகள். போருக்குப் பின் 1948இல் நிலம் நாட்டுடைமைச் சட்டம், 1964இல் கடைகளும் போயின.

வீட்டில் எதைப் பார்ப்பது என்பதும் இதிலிருந்தே வரும். வளவைச் சுற்றி இருக்கும் அறைகளின் எண்ணிக்கையை எண்ணுங்கள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. மூன்று தலைமுறையில் பங்குதாரர்கள் பத்து, இருபது, அதற்கு மேல். கூரை ஓடு மாற்ற வேண்டுமென்றாலும் எல்லாரும் சம்மதிக்க வேண்டும், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில். ஓடு உடைந்த இடத்தில் மழைநீர் இறங்கி உத்திரத்தின் முனை உளுக்கும், பிறகு சுவர். விற்பது என்று முடிவானால் வீடாக விற்பதைவிடக் கழற்றி விற்பதில் பணம் அதிகம்.

அப்படிக் கழன்றவை போய்ச் சேரும் இடம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. மாலை 4 மணிக்கு இங்கே வாருங்கள், ஞாயிறாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பர்மாத் தேக்குத் தூண்கள், நிலைக்கதவுகள், மங்குச் சாமான்கள், யார் வீட்டுக் கல்யாணப் படங்களோ தெரியாத சட்டங்கள். தூணின் மேல்முனையைத் தொட்டுப் பாருங்கள், உத்திரம் பொருந்தியிருந்த குடைவு அப்படியே இருக்கும், உள்ளே சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆனால் கடைக்காரரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள். கையில் கொண்டுபோக ஏதாவது வேண்டுமென்றால் சின்ன மங்குக் கிண்ணம் கிடைக்கும். இல்லாவிட்டால் பெண்கள் பனையோலையில் முடையும் கொட்டான் வாங்குங்கள், அந்தப் பணம் இன்று இங்கே வாழ்கிறவர் கைக்குப் போகும்.

செலவுக் கணக்கு

இருவர் ஓர் அறையைப் பகிர்ந்தால் ஒருவருக்கு: ரயில் போக வர 600, அறை இரண்டு நாளுக்கு 800, பேருந்தும் ஊருக்குள் ஆட்டோவும் 350, மூன்றாம் நாள் ஆட்டோவில் பாதி 500, நுழைவு 200, சாப்பாடு நாளைக்கு 350 வீதம் 1,050. கூட்டினால் 3,500. மதுரை அல்லது திருச்சியிலிருந்து வந்தால் 3,100 அளவில். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை, ஆனால் சிவகங்கை, திருமயம் போகும் புறநகர்ப் பேருந்துக்கு அது பொருந்தாது.

சாப்பாட்டில் 350 என்பது மெஸ் கணக்கு. காலையில் இட்லியும் வெள்ளைப் பணியாரமும், மதியம் மெஸ்ஸில் சாப்பாடு, இரவு தோசை. 'செட்டிநாடு' என்று பெரிய பலகை போட்ட உணவகத்தில் இருவர் அசைவம் சாப்பிட்டால் ஒரே வேளையில் 800 ரூபாய் போகும். ஒரு மதியம் அப்படிச் சாப்பிட வேண்டுமானால் இரண்டாம் நாள் வைத்துக்கொள்ளுங்கள், தேவகோட்டைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் சாய்ந்துகொள்ள அறை இருக்கிறது. கவுனி அரிசி கிடைத்தால் விடாதீர்கள், அதுவும் பர்மாவிலிருந்து வந்ததுதான்.

பிள்ளைகளோடு வருகிறவர்கள் திருமயத்தையும் வீடுகளையும் முழுதாகக் காட்டுங்கள், திருப்பத்தூரில் நடந்ததைப் பேருந்தில் போகும்போதே சொல்லிவிடுங்கள், அங்கே போய்ச் சொன்னால் கேள்வி கேட்க அவர்களுக்கு நேரம் கிடைக்காது. 70 வயது தாண்டியவர்கள் இருந்தால் கொல்லங்குடியையும் கோட்டை ஏற்றத்தையும் விட்டுவிட்டு, மூன்று நாளுக்குப் பதில் நாலு நாளாகப் பிரியுங்கள், அறைக்கு ஆளுக்கு 400 கூடும்.

திரும்பும் இரவு ரயிலுக்குக் காரைக்குடியிலிருந்து படுக்கை கிடைப்பது, ராமேசுவரத்து யாத்திரைக் கூட்டத்தால், எப்போதும் கஷ்டம். அமாவாசையை ஒட்டிய நாள்களில் இன்னும் மோசம். வரும் சீட்டுக்கு முன்னால் திரும்பும் சீட்டை எடுத்துவிட்டு, அதற்குத் தகுந்தபடி நாளைக் குறியுங்கள்.